நான்காம் தாழ்ப்பாள்: நிறையும் குறையும்

ஜனவரி 10, வெள்ளி

வலது கண்ணில் கட்டுப் பிரித்தாயிற்று. டாக்டர் தூரத்தில் நின்று மூன்று விரலைக் காட்டினார். மூன்று என்றேன். சுவரில் இருந்த கடைசி வரி எழுத்துகளையும் வாசித்துக் காட்டினேன். "தூரப் பார்வை பிரமாதம். கிட்டப் பார்வைக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் கண்ணாடி. அதுவரைக்கும் புத்தகம் பக்கமே போகாதீங்க" என்றார். முப்பத்து நான்கு வருடம் தமிழாசிரியையாக இருந்தவளிடம் இதைச் சொல்ல அவருக்கு வாய் கூசவில்லை. இடது கண்ணிலும் புரை. ஆகவே ஸ்கெட்ச் பேனாவால், பக்கத்துக்கு எட்டு வரி வீதம், கொட்டை கொட்டையாக இதை எழுதுகிறேன். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தால் நோட்டைத் திருப்பி எறிந்திருப்பேன்.

நறுமுகை சொட்டு மருந்து விடுகிறாள், நாளுக்கு ஆறு தடவை. ஆபரேஷனுக்கென்று ஐந்தாம் தேதி சென்னையிலிருந்து வந்தாள். நான்கு நாள் லீவாம். பெற்றவள் கண் நான்கு நாளில் தேறிவிடுமா? அண்ணன் சிவஞானம் அவள் ஆபீசுக்குப் பேசி விவரம் சொல்லிவிட்டார். அவள் போன் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. "யார் கண்ணுக்கு?" என்று கேட்டாள். மருந்து விடும் நேரத்தில் பேசக்கூடாது என்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

வாசகர் வட்டச் செயலாளர் பால்துரை வந்தார். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், எதையும் முத்திரை குத்துகிற மாதிரியே சொல்வார். எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒரு புத்தகம். ஒருவர் நிறை சொல்வார், இன்னொருவர் குறை சொல்வார். பதினாறு வருடமாகக் குறை என் இலாகா. இம்முறை நிறை சொல்ல வேண்டியவர் பேத்தி பிறந்து திருப்பூர் போய்விட்டார். "ரெண்டையும் நீங்களே பாத்துக்கோங்க டீச்சர்" என்று புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார். கூட்டம் பிப்ரவரி ஒன்பது.

புத்தகம் 'நான்காம் தாழ்ப்பாள்'. உளவியல் மர்ம நாவலாம். கோதண்டம் என்ற மருந்துக்கடைக்காரன் கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களாவில் சாருமதி என்ற பெண்ணை நான்கு வருடம் அடைத்து வைத்திருக்கிறான். தலைப்பைக் கேட்டதுமே எனக்குப் பிடிக்கவில்லை. கண் கெட்ட பிறகா இதெல்லாம் என்று தள்ளி வைத்திருப்பேன். ஆனால் நான் போகாவிட்டால் பால்துரை தானே எழுந்து பேசுவார், ஊர் தாங்காது.

நறுமுகையை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் பொழுது போகும்.

ஜனவரி 13, திங்கள்

ஒன்பது பக்கம் வாசித்தாள். தொண்டை கட்டிவிட்டதாம். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பால் கிழக்கே பொங்கியது. அண்ணன் கரும்போடு வந்தார். காம்பவுண்டு கேட்டுக்கு ஒரு புதுப் பூட்டும் வாங்கி வந்தார். தெருவில் நாய்த் தொல்லை.

எதிர்வீட்டுக் கோமதி பொங்கல் வாங்க வந்தவள், "என்ன டீச்சர், நறுமுகை இன்னும் மெட்ராசுக்குப் போகலையா?" என்று கேட்டாள். "லீவு" என்றேன். "நல்லதுதான், அம்மாவுக்குத் துணையா இருக்கட்டும்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள். நறுமுகை வாசலுக்கு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் குறுக்கே போய் நின்றார்.

சாயங்காலம் முப்பது பக்கம். குறை: நான்கு வருடமாக ஒரு பங்களாவில் ஒரு பெண் இருக்கிறாள், அக்கம்பக்கத்தில் ஒருத்தர்கூடவா கேட்க மாட்டார்கள்? கொஞ்சமும் நம்பும்படி இல்லை. குறித்துக்கொள்.

ஜனவரி 17, வெள்ளி

குறை: கோதண்டத்தைச் சின்ன வயதில் அவன் அப்பா பெல்ட்டால் அடித்தாராம், அதனால்தான் இப்படி ஆனானாம். நானும்தான் அடி வாங்கினேன். புளிய விளார். நான் யாரை அடைத்து வைத்தேன்?

குறை: உவமை. பக்கத்துக்கு ஆறு. மழைகூட மழையாகப் பெய்ய மாட்டேன் என்கிறது.

நிறை: அந்த அறையின் வாடை. டிஞ்சரும் ஈரச் சாக்கும் கலந்த வாடை என்று எழுதியிருக்கிறான். அது எழுதத் தெரிந்த கை.

ஜனவரி 19, ஞாயிறு

நறுமுகை இரண்டு வேளை சாப்பிடவில்லை. "என்னைய அனுப்பு, சாப்பிடுறேன்" என்கிறாள். போய் என்ன செய்யப் போகிறாள்? அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அவன் பெயரை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. அவன் யார், என்ன ஆட்கள் என்று விசாரித்து வந்து அண்ணன் என்னிடம் சொன்ன அன்று எனக்கு இரத்த அழுத்தம் நூற்றெண்பது. என் வீட்டுக்காரர் போனபின் தனி ஒருத்தியாக இவளை வளர்த்தேன். இவள் பெயரைக்கூட நான்கு மாதம் யோசித்து வைத்தேன்.

நானும் சாப்பிடாமல் உட்கார்ந்தேன். சர்க்கரைக்காரி பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தட்டை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு.

ஜனவரி 21, செவ்வாய்

தை கடைசி முகூர்த்தம், பிப்ரவரி பன்னிரண்டு, புதன்கிழமை. சாத்தூரிலிருந்து பூ வைக்க வருகிறார்கள். பையன் கூட்டுறவு வங்கியில் இருக்கிறான். அண்ணனுக்குத் தெரிந்த குடும்பம். நறுமுகையிடம் சொன்னேன். புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 23, வியாழன்

ஆச்சரியம். பன்னிரண்டாம் அத்தியாயத்திலிருந்து ஆசிரியர் தேறிவிட்டார். நடையே மாறிவிட்டது. உவமைகளைக் காணோம். கோதண்டம் இதுவரை பல்லைக் கடிக்கிற சினிமா வில்லனாக இருந்தான். இப்போது மனிதனாகிறான். சாருமதி சாப்பிட மாட்டேன் என்கிறாள்; அவன் அடிக்கவில்லை, தானும் சாப்பிடாமல் எதிரே உட்காருகிறான். அவனுக்கு வயிற்றுப்புண். கடைசியில் அவள் பயந்துபோய்ச் சாப்பிடுகிறாள். அவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "என் செல்லம்" என்கிறான்.

இதுதான் நிறை. பூட்டு, சங்கிலி எல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பாசத்தை எழுதுவதற்கு ஆள் வேண்டும். நறுமுகையிடம் சொன்னேன், "இந்த இடத்துல என்னமா எழுதியிருக்கான் பாத்தியா." அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புடிச்சிருக்காம்மா?" என்றாள். ரொம்ப என்றேன். "அப்ப இன்னும் வாசிக்கிறேன்" என்றாள்.

ஜனவரி 26, ஞாயிறு

நாற்பது பக்கம். தலைக்கு எண்ணெய் தேய்த்து விட்டேன், முடி கொத்தாக வந்தது. சென்னைத் தண்ணீர்.

ஜனவரி 29, புதன்

இன்று ஓர் அருமையான இடம். நூற்று நாற்பத்தேழாம் பக்கமாம். கோதண்டம் அவளுக்குத் தலைவாரி விட்டபடி சொல்கிறான்: "உனக்கு என்ன குறை வைத்தேன், சொல். வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போடுகிறேன். எண்ணெய் தேய்த்து விடுகிறேன். நீ சாப்பிடாவிட்டால் நானும் சாப்பிடுவதில்லை. உன்னை நான் அடைத்து வைக்கவில்லை. ஊரைத்தான் வெளியே வைத்துப் பூட்டியிருக்கிறேன்."

இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். நறுமுகை குரலில் அந்த ஏற்ற இறக்கம் அவ்வளவு பொருத்தம். பேச்சுப் போட்டிக்கு நான் பழக்கிய பிள்ளையல்லவா. ஒன்பதாம் வகுப்பில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நாவல் முடிந்தது. முடிவு மொட்டையாக இருக்கிறது. கோதண்டம் கதவுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கிழவனாகிப் போகிறான். பிறகு என்ன என்று ஆசிரியர் சொல்லவில்லை. "அவ்ளோதானா?" என்று கேட்டேன். "இதுவரைக்கும்தான் இருக்கு" என்றாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நறுமுகை இப்போதெல்லாம் அழுவதில்லை. பூ வைப்பதற்குப் பச்சைப் பட்டு எடுத்திருக்கிறேன். விரித்துக் காட்டினேன். "நல்லா இருக்கும்மா" என்றாள். அண்ணனிடம் சொன்னேன். "நான் அப்பமே சொல்லல? ஒரு மாசம் உள்ள வச்சா எல்லாம் சரியாப் போகும்னு" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே வைப்பது என்ன? அவள் வீடு இது.

பிப்ரவரி 7, வெள்ளி

ஞாயிறு கூட்டத்துக்கு நான் போகும் நேரம் அண்ணன் வந்து வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. யோசித்துப் பார்த்தேன். நிறையைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும், அந்த நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தை வாசித்துக் காட்டாமல் எடுபடாது. என் கண்ணால் முடியாது. பால்துரை வாசித்தால் தந்தி மாதிரி இருக்கும். நறுமுகை வாசிக்கட்டும். கேட்டேன். "வாரேம்மா" என்றாள்.

அண்ணனுக்கு விருப்பமில்லை. "புதன்கிழமை வரைக்கும் வாசலத் தாண்ட வேண்டாம் தங்கச்சி." நூலகத்து மாடி, பதினான்கு பேர், எல்லாரும் என் வயதுக்காரர்கள், கீழே நீங்கள் வண்டியோடு நில்லுங்கள் என்றேன். என் பிள்ளை நன்றாக வாசிப்பதை நாலு பேர் கேட்கட்டுமே. அப்புறம் சாத்தூர் போய்விடுவாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வரிசை தப்பக்கூடாது.

பதினோரு மணிக்குக் கூட்டம். பதினான்கு பேரில் புத்தகத்தைப் படித்துவிட்டு வருபவர்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர்தான். இன்று நூலகர் ஜெயசீலி மட்டும். நாற்பது வயதுப் பெண், அதிகம் பேச மாட்டாள். நூலகத்தின் இன்னொரு பிரதி அவள் மடியில் இருந்தது.

குறைகளை முதலில் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். பிறகு நிறைக்கு வந்தேன். முதல் பதினொரு அத்தியாயம் பள்ளத்தில் கிடந்த ஆசிரியர் பன்னிரண்டில் எப்படி எழுந்துகொண்டார் என்று விளக்கினேன். சிறை வைப்பவனின் பாசத்தைத் தமிழில் இவ்வளவு நெருங்கிப் போய் யாரும் எழுதியதில்லை என்றேன். ஜெயசீலி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நறுமுகையை எழுந்து வாசிக்கச் சொன்னேன்.

பச்சைப் புடவையில் எழுந்து நின்றாள். "பக்கம் நூத்தி நாப்பத்தேழு" என்றாள். வாசித்தாள். உனக்கு என்ன குறை வைத்தேன், சொல்.

ஜெயசீலி புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள். "டீச்சர், இதுல நூத்தி நாப்பத்தேழுல போலீஸ்காரன்ல மருந்துக்கடைக்கு வாரான்? தலைவாரி விடுறது எங்கயுமே இல்லையே" என்றாள்.

"வேற பதிப்பா இருக்கும்" என்றார் பால்துரை.

"ஒரே பதிப்புதான் சார். ரெண்டும் ஒண்ணா வாங்கினது."

நான் ஜெயசீலியிடம் கோபமாக, ஒழுங்காகப் பாரும்மா, கண்ணாடி இல்லாத எனக்கே தெரிகிறது என்றேன். அப்போது நறுமுகை புத்தகத்தை மூடினாள். வாசிப்பு நிற்கவில்லை. மூடிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில், ஊரைத்தான் வெளியே வைத்துப் பூட்டியிருக்கிறேன் என்பது வரைக்கும் சொல்லி முடித்தாள்.

பிறகு சொந்தக் குரலில் பேசினாள். "இது கோதண்டம் சொன்னதில்ல. எங்கம்மா சொன்னது. அஞ்சாந்தேதி வந்தேன், முப்பத்தஞ்சு நாளாச்சு. என் போனு பீரோவுல இருக்கு. கேட்டுச் சாவி மாமாகிட்ட இருக்கு. புதன்கிழமை எனக்குப் பூ வைக்க வாராங்க. எனக்குச் சம்மதமில்ல. எனக்கு இருபத்தாறு வயசு. மாமா கீழ நிக்கிறாரு. யாராச்சும் என்கூடப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரீங்களா?"

பதினாறு வருடப் பழக்கம், எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பால்துரை தொண்டையைச் செருமி, "இது குடும்ப விஷயம். நாம நன்றியுரைக்குப் போவோம்" என்றார். ஜெயசீலி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நான் கொண்டுபோய் விடுறேன். பின்பக்கம் ஒரு படி இருக்கு, வாம்மா" என்றாள்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது எத்தனையோ. என் வாயில் வந்தது இதுதான்: "அது லைப்ரரி புஸ்தகம். வச்சிட்டுப் போ."

என் முன்னால் வைத்தாள். போனாள்.

மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டாக்டர் சொன்னது சரி. பின்தெரு, சந்துமுனை, மெயின் ரோடு வரைக்கும் அந்தப் பச்சை பளிச்சென்று தெரிந்தது. கீழே அண்ணனைக் கூப்பிட எனக்குக் குரல் எழும்பவில்லை. வேண்டுமென்றே கூப்பிடாமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழும்பவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 10, திங்கள்

அண்ணன் வாய்க்கு வந்தபடி பேசினார். "ஊரக் கூட்டி நீயே வழியனுப்பி வச்சிருக்கியே, ஒனக்கு இலக்கியம் ஒரு கேடா?" ஸ்டேஷனுக்குப் போனார். மேஜர் பெண், தன் விருப்பத்தில் போனதாகச் சென்னை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டாள், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அனுப்பிவிட்டார்களாம். ஜெயசீலி வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். அவள், "நூலகம் ஒம்பது மணிக்குத் திறக்கும், அங்க வந்து பேசுங்க" என்று கதவைச் சாத்தினாளாம்.

பிப்ரவரி 12, புதன்

பூக்காரி பதினைந்து முழம் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட மறந்திருந்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பால்துரை கூட்ட அறிக்கையைக் கொடுத்தனுப்பினார். கோமதியை வாசிக்கச் சொன்னேன். "சௌந்தரவல்லி டீச்சர் நாவலின் நிறைகுறைகளைத் திறம்பட எடுத்துரைத்தார். செல்வி நறுமுகை ஒரு பகுதியை வாசித்தார். தேநீருக்குப் பின் கூட்டம் இனிதே நிறைவுற்றது." கோமதி மடித்துக் கொடுத்துவிட்டு, "நறுமுகை எங்க டீச்சர்?" என்றாள். ஊருக்கே தெரியும். அவளுக்கு அதை என் வாயால் கேட்க ஆசை. மெட்ராசுக்குப் போயிருக்கிறாள் என்றேன். "நல்லதுதான்" என்றாள். எதைச் சொன்னாலும் இவளுக்கு நல்லதுதான்.

பிப்ரவரி 17, திங்கள்

கண்ணாடி வந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து நான்கு மணிக்கு நாவலை முடித்தேன். இதுதான் என் ஆய்வுரை, கேட்க ஆளில்லாவிட்டாலும்:

குப்பை. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் எந்த எழுச்சியும் இல்லை. கடைசி வரை உவமை, பெல்ட், பல்லைக் கடித்தல். முடிவில் போலீஸ் வந்து கதவை உடைக்கிறது. கோதண்டத்தின் பாசத்தைப் பற்றி இந்த ஆசிரியனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான்காம் தாழ்ப்பாள் எதற்கு என்றும் சொல்லவில்லை.

பதினாறு வருடத்தில் நான் மனதாரப் பாராட்டிய பக்கங்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என்னைக் கூட்டத்தில் முட்டாளாக்கிவிட்டாள். அது ஒரு பக்கம் எரிகிறது. அவள் இங்கே இல்லை என்பது இன்னொரு பக்கம் எரிகிறது. எது அதிகம் என்று என்னைக் கேட்டால் பொய்தான் சொல்வேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அந்தப் பக்கங்களை நினைவிலிருந்து எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். இல்லாமல் போய்விடக்கூடாது. கோதண்டம் பேசியதெல்லாம் வரிக்கு வரி வந்தது. வராமல் என்ன? பதினொரு பக்கம் எழுதினேன், பேனா நிற்கவே இல்லை.

ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் "சாருமதி சொன்னாள்" என்று எழுதி இடம் விட்டிருக்கிறேன். அவள் பதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவளும் பேசினாள், அது நிச்சயம். நறுமுகை குரலைத் தாழ்த்தி வாசிப்பாள். என்ன பேசினாள்?

பிப்ரவரி 20, வியாழன்

மதியம் புது எண்ணிலிருந்து போன். நறுமுகை.

"கண்ணு எப்பிடிம்மா இருக்கு?"

"தெரியுது."

"மருந்து ஒழுங்கா விடுறியா?"

"கோமதி விடுறா."

பழைய ஆபீசில் எடுத்துக்கொள்ளவில்லையாம், வேறு இடத்தில் வேலைக்குப் பேசியிருக்கிறாளாம். பிறகு விஷயத்துக்கு வந்தாள். "என் பொறப்புச் சான்றிதழ் வேணும்மா. ரெஜிஸ்டர் ஆபீசுல கேக்கிறாங்க. ஜெயசீலி அக்காகிட்டக் குடுத்தாப் போதும், அவங்க அனுப்பிருவாங்க."

"ஏட்டி, ஒண்ணு கேக்கணும்" என்றேன். "அந்தச் சாருமதி என்ன பதில் சொன்னா? கோதண்டம் அவ்ளோ பேசினானே, அவ என்ன சொன்னா?"

பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது, ஓர் ஆண் குரல். இரு என்று அவனிடம் சொன்னாள்.

"கதவத் தெறந்து விடுங்கன்னு சொன்னா. வேற ஒண்ணுமே சொல்லலையேம்மா. தினமும் அத மட்டுந்தான வாசிச்சேன். ஒரு நாளுகூட ஒங் காதுல விழலையா?"

எதையோ சொன்னேன். அடுப்பில் பால் என்றேனோ என்னவோ. அவளே மறுபடி கேட்டாள், "சான்றிதழக் குடுப்பியாம்மா?"

தேடிப் பார்க்கிறேன், எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, கிடைத்தால் சொல்கிறேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

பீரோவில்தான் இருக்கிறது. மேல் தட்டில், என் பட்டுப் புடவைகளுக்கு அடியில்.